முழங்கால் தேய்மானம்: அம்மாவை உட்கார வைத்தால் வலி குறையாது

உங்கள் அம்மாவுக்கு 63 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், எக்ஸ்-ரேயில் மூன்றாம் நிலை என்று எலும்பு மருத்துவர் சொல்லியிருக்கிறார். மாடிப்படி ஏறாதீர்கள், சம்மணம் போடாதீர்கள், நடையைக் குறையுங்கள் என்று சொல்லி மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதிலிருந்து நீங்களும் தங்கையும் அம்மாவை ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட விடுவதில்லை, சாப்பாடு முதற்கொண்டு கட்டிலுக்கே போகிறது, ஆனால் சில மாதத்தில் வலி கூடியிருக்கிறது, எழுந்திருக்கவே கைத்தாங்கல் வேண்டியிருக்கிறது. ஊசி போடலாமா, மூட்டு மாற்றுவதுதான் வழியா, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கித் தருகிற மூட்டுவலிப் பொடியைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிசியோதெரபி என் தொழில், பல வருடமாக முழங்கால்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் வலி கூடியதற்குத் தேய்மானத்தைவிட நீங்கள் பாசத்தோடு கொடுத்த ஓய்வுதான் பெரிய காரணமாக இருக்கும். கோபப்படாதீர்கள், நம் வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் நடக்கிறது. பிள்ளைகள் நல்லவர்களாக இருக்கும் வீட்டில்தான் இது இன்னும் வேகமாக நடக்கிறது என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் தனியாக இருக்கும் பாட்டிகளுக்கு உட்கார்ந்துவிட வசதி கிடையாது.

காரணம் இதுதான். முழங்காலில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அது சத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், அதுவும் நாம் கால் ஊன்றும்போது அழுந்தி, எடுக்கும்போது விரிந்து, ஒரு பஞ்சு தண்ணீரைக் குடித்துக் குடித்து விடுவது போல. கால் அசையவில்லை என்றால் அந்தப் போக்குவரத்து குறைகிறது. அதைவிடப் பெரிய விஷயம் தொடையின் முன்பக்கத் தசை. முழங்காலைத் தாங்குவது, படியில் இறங்கும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது எல்லாம் அந்தத் தசையின் வேலை. வயதானவர்களுக்கு இரண்டு வாரம் படுத்தாலே அது இளைத்துவிடும், நீங்கள் மாதக்கணக்கில் உட்கார வைத்திருக்கிறீர்கள். தசை போனதும் சுமை முழுக்க மூட்டுக்குப் போகிறது, வலி கூடுகிறது, வலி கூடியதும் பயம் வருகிறது, பயத்தில் இன்னும் அசைவு குறைகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தேய்மானம் முற்றிவிட்டது போலத் தெரியும். முற்றியது பெரும்பாலும் தசையின் பலவீனம்.

அந்த மூன்றாம் நிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1957-இல் வகுத்த அளவுகோல் அது, பூஜ்யத்திலிருந்து நான்கு வரை போகும். எலும்புக்கு இடையில் இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது, ஓரத்தில் எலும்பு முள் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதைப் படத்தில் பார்த்துச் சொல்வது. வலி எவ்வளவு என்று அது சொல்லாது, எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்றும் சொல்லாது. நான்காம் நிலைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் காய்கறிச் சந்தைக்குப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள், இரண்டாம் நிலையில் வாசல் தாண்ட முடியாதவர்களும் இருக்கிறார்கள். படத்தைப் பார்த்து ஆளை முடிவு செய்யாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன், எக்ஸ்-ரே வீண் என்று சொல்லவில்லை.

மேலே போவதற்கு முன் இது தேய்மானம்தானா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் மூட்டு இறுக்கமாக இருந்து அரை மணி நேரத்துக்குள் இளகிவிட்டால், நடக்க நடக்க, மாலையில் வலி கூடினால், பெரும்பாலும் தேய்மானம். காலை இறுக்கம் ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது, இரண்டு கை விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் வீங்கியிருக்கின்றன என்றால் அது முடக்குவாதமாக இருக்கலாம், அதற்கு மருத்துவமே வேறு. வாரம் ஒருமுறை சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளைச் சீக்கிரம் தொடங்கினால்தான் மூட்டுகள் கோணிப் போகாமல் காப்பாற்ற முடியும், அதற்கு மூட்டுவாத நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜி மருத்துவரிடம் போக வேண்டும். சிக்குன்குனியா வந்த பிறகு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் மூட்டுவலி நிற்கும், 2006-இல் தமிழ்நாட்டில் ஊர் ஊராக அது வந்தபோது பார்த்தவர்களுக்குத் தெரியும். நள்ளிரவில் திடீரென்று கால் பெருவிரல் சிவந்து வீங்கிப் போர்வை பட்டாலே துடிக்க வைக்கும் வலி யூரிக் அமிலத்தால் வருவது. ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் கொஞ்சம் கூடுதல் என்பதற்காக முழங்கால் வலியை அதன் தலையில் கட்டிவிடவும் கூடாது, அப்படிப் பருப்பை நிறுத்தி வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம்.

சரி, தேய்மானம்தான் என்று வைத்துக்கொள்வோம். முதல் மருந்து பயிற்சி. உலகத்தில் எந்த நாட்டு மருத்துவ வழிகாட்டியை எடுத்தாலும் முழங்கால் தேய்மானத்துக்கு முதலில் எழுதியிருப்பது பயிற்சியும், எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பதும்தான். டென்மார்க்கில் 2013 முதல் ‘கிளாட்’ என்று ஒரு திட்டம் நடக்கிறது, பிறகு பல நாடுகளுக்குப் போனது. நோயைப் பற்றி இரண்டு விளக்க வகுப்பு, வாரத்துக்கு இரண்டு என்று ஆறு வாரத்தில் 12 பயிற்சி வகுப்பு, அவ்வளவுதான். பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. இதை வீட்டிலேயே செய்ய முடியும், ஆனால் முதல் இரண்டு மூன்று முறையாவது ஒரு பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்து சரி செய்துகொடுப்பது நல்லது. உடம்பில் கரண்ட் கொடுத்து, வெப்பம் காட்டிப் பத்து நாளில் அனுப்பிவிடுகிற இடமாக இருந்தால் அது போதாது, பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஆளாகத் தேடுங்கள். என் தொழில்காரர்கள் கோபப்படுவார்கள், பரவாயில்லை.

அம்மா இப்போது இருக்கும் நிலைக்குப் படுக்கையிலேயே தொடங்கலாம். காலை நீட்டிப் படுத்து முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அந்தத் துண்டைக் கீழே அழுத்த வேண்டும், தொடைத் தசை இறுகுவது கையை வைத்தால் தெரியும். ஐந்து எண்ணும் வரை பிடித்துவிட்டு விட வேண்டும், பத்து முறை. அடுத்து, ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு இன்னொரு காலை மடக்காமல் ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரம் தூக்கிப் பிடித்து மெதுவாக இறக்குவது. மூச்சை அடக்கக் கூடாது, குறிப்பாக ரத்த அழுத்தம் உள்ளவர்கள், வாய்விட்டு எண்ணச் சொன்னால் மூச்சு தானாகவே ஓடும். பிறகு ஒருக்களித்துப் படுத்து மேல் காலைப் பக்கவாட்டில் தூக்குவது, இது இடுப்புத் தசைக்கு. முழங்கால் வலிக்கு இடுப்புக்கு ஏன் என்று கேட்பார்கள். இடுப்புத் தசை பலமில்லை என்றால் நடக்கும்போது உடம்பு இருபக்கமும் ஆடும், வாத்து நடை என்கிறோமே அது, அந்த ஆட்டத்தின் சுமையும் முழங்காலுக்குத்தான் போகிறது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது நாற்காலிப் பயிற்சி. கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலி, பிளாஸ்டிக் நாற்காலி என்றால் சுவரோடு ஒட்டி வைத்தது, மேலே ஒரு தலையணை போட்டு உயரமாக்கிக்கொள்ளுங்கள். அதில் உட்கார்ந்து, பாதத்தை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைத்து, முன்னால் குனிந்து எழ வேண்டும், அதைவிட மெதுவாக உட்கார வேண்டும். தொப்பென்று விழுவதில் பயனில்லை, மெதுவாக இறங்குவதில்தான் பாதிப் பயிற்சி இருக்கிறது. முதலில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஐந்து முறை. அது சுலபமானதும் பத்து முறை, பிறகு கையைக் கட்டிக்கொண்டு, பிறகு தலையணையை எடுத்துவிட்டு. இப்படி மெல்ல மெல்லக் கடினமாக்கிக்கொண்டே போவதுதான் ரகசியம். ஆறு மாதமாக ஒரே அசைவைப் பத்துப் பத்து முறை செய்துகொண்டு பயனில்லை என்று சொல்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன், தசைக்கு அது வேலையாகவே தெரிவதில்லை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பதையும் சேர்த்துக்கொள்ளலாம், குக்கர் விசில் வரும் வரைக்கும் செய்யலாம். ஒரு மாதம் கழித்து நிலைமை தேறினால் ஒற்றைப் படியில் ஏறி இறங்குவது. கனமான பயிற்சிகள் வாரத்துக்கு மூன்று நாள் போதும், இடையில் தசைக்கு ஓய்வு வேண்டும். படுக்கைப் பயிற்சிகளைத் தினமும் செய்யலாம்.

வலிக்குமே என்பீர்கள். வலிக்கும். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அம்மாவுக்கும் சொல்லிக்கொடுங்கள். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. பயிற்சியின்போது ஐந்து வரை போகலாம். பயிற்சி முடிந்து மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கிவிட்டால் மூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, தொடருங்கள். இறங்கவில்லை, வீக்கமும் வந்துவிட்டது என்றால் அடுத்த முறை எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு வாரம் வலி கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், அந்த இரண்டு வாரத்தில்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். வித்தியாசம் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இருக்காது.

நடையைப் பொறுத்தவரை, ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லாதீர்கள். அம்மா இப்போது எவ்வளவு நேரம் பெரிய வலியில்லாமல் நடக்கிறாரோ, ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம், அவ்வளவு நேரம் காலை, மதியம், மாலை என்று மூன்று முறை நடக்கட்டும். வாரத்துக்கு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் கூட்டுங்கள். தெருவில் மேடு பள்ளம், நாய், வண்டி என்றால் மொட்டை மாடியோ ஹாலோ போதும், நடை நடைதான். வீட்டுக்குள் வழவழப்பான தரையில் வெறுங்காலோடு நடப்பதைவிட மெத்தென்ற, பின்பக்கம் வார் வைத்த செருப்பு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு பரவாயில்லை, ஆனால் அதைச் சாமி அறைக்கு வெளியே விடுவதற்கு ஒரு ஏற்பாடு செய்துகொடுத்தால்தான் அம்மா போடுவார்.

கைத்தடி என்றதும் முகம் சுளிப்பார்கள். கிழவி ஆகிவிட்டேனா என்பார்கள். குடையையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதுண்டு, குடை வழுக்கும், அதனால் அது பேச்சுக்குத்தான். தடியை வலி அதிகமுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முழங்கால் வலித்தால் இடது கையில். பத்துப் பேரில் எட்டுப் பேர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள், சினிமாவில்கூட அப்படித்தான் காட்டுகிறார்கள். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரம்தான் தடியின் உயரம், அடியில் ரப்பர் தேயாமல் இருக்க வேண்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. இப்படிப் போனால் மாடிப்படியை முழுக்கத் தடை செய்ய வேண்டியதில்லை. பழனிக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டால் கூட்டிப் போங்கள், 693 படியை ஏற வேண்டாம், விஞ்ச் ரயிலும் ரோப் காரும் அதற்குத்தானே இருக்கின்றன, மேலே பிராகாரத்தைச் சுற்றுவதே நல்ல நடை.

வீட்டில் மாற்ற வேண்டியவை சில இருக்கின்றன, இதில் செலவு செய்யத் தயங்காதீர்கள். முதலில் கழிப்பறை. இந்தியக் கழிப்பறைதான் என்றால் அதன் மேல் வைக்கும் ஸ்டூல் போன்ற கமோடு மருத்துவப் பொருள் கடைகளில் கிடைக்கும், பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி. எழ முடியாதே என்ற பயத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் அம்மாக்கள் இருக்கிறார்கள், அவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கவனிக்க வேண்டும். கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்துங்கள். குந்தி உட்கார்ந்து துணி துவைப்பது, அரிவாள்மணையில் காய் நறுக்குவது, இவற்றை மேசை உயரத்துக்குக் கொண்டுவாருங்கள், வேலையைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். காய் நறுக்குவது அம்மாதான், உட்காருமிடம் மட்டும் நாற்காலி. கோலம் போட ஆசைப்பட்டால் முக்காலி மாதிரி ஒரு சின்ன உயரம் வைத்துக்கொண்டோ, கால் மடக்காமல் இடுப்பிலிருந்து குனிந்தோ போடட்டும், மார்கழியில் தெருவை அடைக்கும் கோலத்தை மட்டும் பேத்தியிடம் கொடுத்துவிடலாம். ஒரே இடத்தில் அரை மணிக்கு மேல் உட்காரக் கூடாது, தொடர் பார்த்தாலும் விளம்பரம் வரும்போது ஒருமுறை எழுந்து உட்கார வேண்டும். இரவில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவது சுகமாக இருக்கும், வேண்டாம், மாதக்கணக்கில் அப்படித் தூங்கினால் கால் முழுசாக நீள மறுத்துவிடும், பிறகு நடையே கோணலாகிவிடும்.

தரையில் உட்காரவே கூடாதா என்பதில் எனக்கு மற்றவர்களோடு கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு. மணிக்கணக்கில் சம்மணமிடுவது, குந்துவது வேண்டாம், சரி. ஆனால் தரைக்குப் போய்த் திரும்பி எழும் திறமையை இழந்துவிடக் கூடாது. வீட்டில் யாருமில்லாத நேரத்தில் அம்மா விழுந்துவிட்டால் எழுந்து போனை எடுக்க வேண்டாமா? அதனால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒரு முழங்காலைத் தரையில் போட்ட மெத்தை மேல் ஊன்றி மெதுவாக இறங்குவதையும், மண்டியிட்டு மேலே எழுவதையும், வலி குறைந்த பிறகு, யாராவது பக்கத்தில் இருக்கும்போது பழக்குங்கள்.

எடை. அம்மாவின் எடையை நீங்கள் எழுதவில்லை. கூடுதல் எடை இருந்தால் ஒரு கிலோ குறைந்தாலே ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது, 2005-இல் அமெரிக்காவில் வயதானவர்களை நடக்கவிட்டு அளந்து பார்த்த கணக்கு இது. ஒரு நாளில் எத்தனை அடி வைக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். அதற்காகப் பட்டினி போடாதீர்கள், பட்டினியில் கொழுப்போடு தசையும் போய்விடும். நம் வீட்டு அம்மாக்களின் தட்டில் சோறு அதிகம், புரதம் மிகக் குறைவு, குழம்பில் மிதக்கும் நாலு பருப்பை நம்பித் தசை வளராது. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து முட்டை, மீன், சுண்டல், பாசிப்பயறு, தயிர் என்று ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். நாள் முழுக்க குடிக்கும் டீயில் போகும் சர்க்கரையும் கூடவே வரும் பிஸ்கட்டும்தான் பல வீடுகளில் எடைக்குக் காரணம். வாயு என்று உருளைக்கிழங்கையும் வாழைக்காயையும் பருப்பையும் நிறுத்துவது, மூட்டுக்கு ஆகாது என்று புளியை விலக்குவது, இவற்றால் குருத்தெலும்புக்கு லாபம் ஒன்றுமில்லை. முடக்கத்தான் கீரை தோசை நன்றாகவே இருக்கும், கீரை என்ற வகையில் சாப்பிடுங்கள், அதைச் சாப்பிட்டதால் பயிற்சி தேவையில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள்.

எண்ணெய் தேய்ப்பது, வெந்நீர் ஒத்தடம் எல்லாம் செய்யலாம். இறுக்கமாக இருந்தால் வெந்நீர், சுடச்சுட வீங்கியிருந்தால் துணியில் சுற்றிய ஐஸ். காலையில் ஒத்தடம் கொடுத்துவிட்டு உடனே பயிற்சி செய்தால் சுலபமாக இருக்கும். நீவிவிடுகிறேன் என்று முழங்காலை முறுக்கி இழுப்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். முழங்கால் உறை, நீ கேப் என்கிறார்களே, வெளியே நடக்கும்போது போட்டால் சிலருக்குத் தைரியம் கொடுக்கும், இருபத்து நாலு மணி நேரமும் போட்டுக்கொள்ளும் பொருள் அல்ல.

மாத்திரைக்கு வருவோம். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகையறா வலியைக் குறைக்கும், ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகம், ரத்த அழுத்தம், இதயம் என்று நாலு பக்கமும் உதைக்கும். அம்மா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அதிலும் நீர் பிரியும் மாத்திரை சேர்ந்திருந்தால், இவற்றைக் கடையில் தானாக வாங்கித் தினமும் போடுவது சிறுநீரகத்தை நிஜமாகவே கெடுத்துவிடும். முழங்கால் தோலுக்குப் பக்கத்தில் இருக்கும் மூட்டு, அதனால் டைக்ளோஃபெனாக் ஜெல்லை முதலில் பயன்படுத்திப் பார்க்கலாம், ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. எப்போதாவது வலிக்கும்போது ஒரு தடவு தடவினால் போதாது, மருத்துவர் சொன்ன அளவில் நாளுக்கு மூன்று நான்கு முறை, ஒரு வாரம் இரண்டு வாரம் விடாமல் தடவிப் பார்த்துத்தான் பயனை முடிவு செய்ய வேண்டும். மாத்திரை தேவைப்பட்டால் மருத்துவர் கணக்குப்படி, குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு. குளுக்கோசமைன் மாத்திரைக்கு மாதாமாதம் காசைக் கொட்ட வேண்டாம், அமெரிக்காவில் 1,583 பேரை வைத்து 2006-இல் வெளியான பெரிய ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை, பிரிட்டனின் 2022 வழிகாட்டியும் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. கால்சியம் எலும்புக்கு நல்லது, தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்க்காது.

ஊசி. ஸ்டீராய்டு ஊசி வலி உச்சத்தில் இருக்கும்போது சில வாரம் நிம்மதி கொடுக்கும், அந்த நிம்மதியைப் பயன்படுத்திப் பயிற்சியைத் தொடங்க முடிந்தால் ஒருமுறை போடுவதில் தவறில்லை, சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். 2017-இல் வெளியான ஆய்வில் அப்படி இரண்டு வருடம் போட்டவர்களுக்கு வெறும் உப்புநீர் போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு அதிகம் கரைந்திருந்தது, வலியிலோ வித்தியாசமில்லை. 2020-இல் ஸ்டீராய்டு ஊசியையும் பிசியோதெரபியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள், ஒரு வருட முடிவில் பிசியோதெரபி எடுத்தவர்கள்தான் நன்றாக இருந்தார்கள். நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் போடும் பி.ஆர்.பி. ஊசிக்கு இப்போது நகரங்களில் பெரிய விளம்பரம், 2021-இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் பார்த்ததில் ஒரு வருடம் கழித்து வலியைக் குறைப்பதில் உப்புநீரைவிட மேலாக இல்லை. ஆயிரக்கணக்கில் செலவு செய்யும் முன் யோசியுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் பொடி விஷயத்தில் கறாராக இருங்கள். முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம், அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது, பார்த்து மருந்து வாங்குவது வேறு. பெயரில்லாத, உறையில் எதுவும் எழுதாத, யாரோ ஊரிலிருந்து கொண்டுவரும் பொடி வேறு. அப்படிப்பட்ட சில பொடிகளில் ஸ்டீராய்டைக் கலந்து விற்றது பிடிபட்டிருக்கிறது. இரண்டே நாளில் அற்புதமாக வலி போகிறது, பசி கூடுகிறது, சில வாரத்தில் முகம் உப்புகிறது, சர்க்கரை ஏறுகிறது என்றால் சந்தேகப்படுங்கள். ஏற்கெனவே அம்மா மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் பட்டென்று நிறுத்தவும் கூடாது, உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டை மறந்திருக்கும், மயங்கி விழ வாய்ப்புண்டு, பொடியைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

அறுவை சிகிச்சையைப் பற்றி எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை. மூட்டு மாற்று நன்றாக வேலை செய்யும் சிகிச்சை, வைத்த மூட்டுகளில் நூற்றுக்கு 82 போல 25 வருடம் தாங்குகின்றன என்று பெரிய கணக்கெடுப்புகள் சொல்கின்றன. எப்போது என்பதுதான் கேள்வி. ஒழுங்கான பயிற்சியை மூன்று மாதமாவது செய்தும், எடையைக் கவனித்தும், இரவில் தூக்கம் கெடுகிறது, வீட்டுக்குள்ளேயே நடமாட முடியவில்லை என்றால் போட்டுக்கொள்ளலாம். டென்மார்க்கில் மூட்டு மாற்றத் தகுதியானவர்களையே இரண்டாகப் பிரித்து 2015-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். அறுவை செய்தவர்களுக்கு வலி அதிகமாகக் குறைந்தது, அது உண்மை, ஆனால் பயிற்சி, எடை, உணவு என்று மட்டும் போனவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த ஒரு வருடத்துக்குள் அறுவை தேவைப்படவில்லை. உங்கள் அம்மா இன்னும் பயிற்சியையே தொடங்கவில்லை, அதனால் இப்போது நாள் குறிக்க அவசரமில்லை. நாளைக்கு அறுவைதான் என்று முடிவானாலும் இப்போது செய்யும் பயிற்சி வீணாகாது, பலமான தொடையோடு போகிறவர்கள் சீக்கிரம் நடக்கிறார்கள். பெரும்பாலும் மறுநாளே வாக்கர் வைத்து நிற்க வைத்துவிடுவார்கள், அதற்குப் பிறகு சில மாதம் விடாத பயிற்சி, அதைச் செய்யாமல் மடங்காத காலோடு வருகிறவர்கள் உண்டு. மாற்றிய பிறகு தரையில் குந்தி உட்காரும் ஆசையை விட்டுவிட வேண்டும் என்பதையும் அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

செலவைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். உள்ளே வைக்கும் செயற்கை மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது, அதிகம் பயன்படும் கோபால்ட்-குரோமியம் வகைக்கு அப்போது வரி நீங்கலாக 54,720 ரூபாய், அதற்கு முன் ஒன்றரை லட்சத்துக்கு விற்றது. பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லிப் பாருங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் செய்கிறார்கள், அட்டை இருந்தால் விசாரியுங்கள். வெளியே போக முடியாத நிலை என்றால் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது, உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் நான் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. முழங்கால் திடீரென்று சிவந்து சுட்டு வீங்கிக் காய்ச்சலும் வந்தால் உள்ளே கிருமி போயிருக்கலாம், அது அவசரம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்த உறைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழங்கால் ஒரே நிலையில் மாட்டிக்கொண்டு மடக்கவோ நீட்டவோ முடியாமல் போவது, விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாதது, படுத்திருக்கும்போதும் ஓயாத வலியோடு காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள், கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்றவற்றுக்கு மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.